அம்பு செய்கிறவரின் பெயர்

லண்டனில் இருக்கிற தங்கச்சியின் மகனுக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் வாட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டுவான். "சுகமா இருக்கிறீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருமுன் ஓடிவிடுவான். போன மாசியில் ஒரு ஞாயிறு ஓடாமல் நின்றான். கையில் கொப்பியும் பென்சிலும்.

"மாமா, எங்கட சேர்நேமுக்கு என்ன மீனிங்?"

வகுப்பில் கொடுத்த வீட்டுவேலையாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப் பெயரின் பொருளை வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டு போகவேணும். இவனுக்குப் பக்கத்தில் இருக்கிற பெடியனின் பெயர் ஃபிளெச்சர் என்று முடிகிறது. அம்பு செய்கிறவர் என்று பொருள். "அவையின்ர ஆக்கள் முந்தி அம்பு செய்தவையாம் மாமா. ரியல் அம்பு." அந்த 'ரியல்' என்ற சொல்லில் பிள்ளையின் ஏக்கம் முழுக்க இருந்தது.

இவனுடைய பள்ளிக்கூடப் பதிவில் குடும்பப் பெயர் என்று நிற்பது இவனுடைய அப்பப்பாவின் பெயர். எங்கள் ஊரில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு, அவ்வளவுதான். பிள்ளை பிறந்தால் அதற்கு வேறு முதலெழுத்து. வெளிநாட்டுப் படிவத்தில் சேர்நேம் என்று ஒரு கட்டம் இருந்ததால் மச்சான் தன் தகப்பன் பெயரை அதற்குள் எழுதினார். அது அப்படியே பிள்ளைக்கும் இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான வீடுகளில் இதுதான் கதை.

அது சிவபெருமானின் பெயர்களில் ஒன்று என்று சொல்லிப் பொருளையும் சொன்னேன். எழுதிக்கொண்டான். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டான்: "ஓகே. ஆனா எங்கட ஆக்கள் என்ன செய்தவை?"

எனக்கு மறுமொழி தெரியும். அவனுடைய அம்மாவுக்கும் தெரியும். அவள் கமராவுக்குப் பின்னால் நின்றாள், வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. "பிறகு சொல்லுறன் தம்பி" என்றேன். அவன் மாமாவை நம்பித் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சொல்லாமல் விட்டதை மறக்கத்தானோ என்னவோ, அடுத்த சில கிழமைகள் அந்த ஃபிளெச்சரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்த வேலையின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

பிரெஞ்சில் 'ஃபிளேஷ்' என்றால் அம்பு. அதிலிருந்து வந்தது ஃபிளெச்சர். இங்கிலாந்தில் ஓர் அம்பு முழுமையாக ஒரே பட்டறையில் பிறந்ததில்லை. தண்டைச் சீவி இறகு பொருத்துகிறவர் ஃபிளெச்சர். இரும்பு முனையை அடிக்கிற கொல்லர் ஆரோஸ்மித். வில்லைச் செதுக்குகிறவர் போயர். நாண் திரிக்கிறவர் ஸ்ட்ரிங்கர். நாலும் இன்று குடும்பப் பெயர்கள். 1371ஆம் ஆண்டு லண்டனில் அம்பு செய்கிறவர்கள் நகர மேயரிடம் போய், எங்கள் வேலை வேறு, வில் செய்கிறவர்கள் வேலை வேறு, ஒருவரே இரண்டையும் செய்யக்கூடாது என்று மனுக் கொடுத்துப் பிரிந்துபோனார்கள். ஒருவன் ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்யலாம் என்ற பிடிவாதம் அதில் இருந்தது.

வேலை அப்படிப்பட்டது. அம்பு என்பது ஒரு நேரான தடி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாணை விட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதே இல்லை. பின்னாலிருந்து வருகிற தள்ளலில் தண்டு வளைகிறது. மீன் நெளிகிற மாதிரி நெளிந்து வில்லின் தடியைச் சுற்றிக் கழன்று போகிறது. கொஞ்சத் தூரம் போன பிறகுதான் நிமிர்கிறது. தண்டு அளவுக்கு மிஞ்சி விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் சாயும். அளவுக்கு மிஞ்சித் துவண்டால் மற்றப் பக்கம் சாயும். எந்த வில்லுக்கு எந்த வளைவு என்பது செய்கிறவரின் விரலுக்குத் தெரியவேணும். பிறகு இறகு. அங்கே பெரும்பாலும் வாத்துச் சிறகு. ஓர் அம்புக்கு மூன்று. மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரவேணும். இடப்பக்க இறகோடு வலப்பக்க இறகைக் கலந்தால் ஒன்றின் வளைவு மற்றதோடு சண்டைபிடிக்கும். ஒரே பக்கத்து இறகுகள் என்றால் அம்பு சுழன்றுகொண்டு போகும், சுழல்கிற அம்பு தடுமாறாது. மூன்றில் ஒன்று, நாணில் பொருந்துகிற வெட்டுக்குக் குறுக்காக நிற்கும். மற்ற இரண்டும் வில்லில் உரசாமல் கடந்துபோக அந்த ஏற்பாடு.

இந்த வேலைக்காகச் சட்டங்கள் போட்டிருக்கிறார்கள். 1406இல் ஒரு சட்டம்: அம்பு முனையை நன்றாகக் காய்ச்சி நுனியை உருக்கால் இறுக்கவேணும், செய்தவர் தன் அடையாளத்தை அதில் குத்தவேணும். 1416இல் இன்னொன்று: ஆஸ்பென் என்கிற மரத்தில் மிதியடி செய்யக்கூடாது, அது அம்புத் தண்டுக்கு வேணும். அதற்கு அடுத்த வருடம், நாட்டில் இருக்கிற ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு இறகு பிடுங்கி அனுப்பச் சொல்லி ஐந்தாம் ஹென்றி அரசனின் கட்டளை போனது. அஜின்கோர்ட் சண்டை 1415இல் முடிந்திருந்தது, அடுத்த படையெடுப்புக்கு ஆயத்தம்.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து 137 முழு வில்லுகளும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. இரும்பு முனைகள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டன. இறகுகளும் போய்விட்டன. ஆனால் இறகை வரிந்து கட்டிய நூலின் தடம் தண்டில் சுற்றிச் சுற்றி நிற்கிறது. பசையில் செம்பின் பச்சைத் துருவைக் கலந்திருக்கிறார்கள், பூச்சி அரிக்காமலிருக்க. நானூற்றுச் சொச்சம் வருடம் கழித்தும் அந்த ஆளின் கை எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று பார்க்கலாம். அவருடைய பெயர் தெரியாது.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் ஊர் முருகன் கோயிலில் கொடியேறியது. சப்பரத்துக்கு முதல்நாள் வேட்டைத் திருவிழா. சுவாமி குதிரை வாகனத்தில் வில்லும் அம்புமாக வெளிக்கிட்டு வீதி தாண்டிப் போவார். சின்ன வயதிலிருந்து பார்த்த திருவிழாதான். அந்த அம்பை யார் செய்கிறார் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறை கேட்டேன்.

எண்பதை நெருங்கிய ஆசாரியார். வீட்டுப் பத்தியில் வேலை. நான் போனபோது கமுகஞ் சலாகை ஒன்றை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். போன வருடத்து அம்பு கறையான் தின்றுவிட்டதாம்.

"ஐயா, இது தூரப் போற அம்பு இல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"குருக்கள் நாலு முழத்துக்கு விடுவார். போற தூரம் முக்கியமில்லைத் தம்பி. வளைஞ்ச அம்பைச் சுவாமியின்ர கையில குடுக்கேலுமே?"

சலாகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்மட்டத்தில் பிடித்தார். நுனியிலிருந்து அடிவரை பார்வையால் தடவினார். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. அவர் நடுவுக்குச் சற்று மேலே பெருவிரலை வைத்து, "இதில ஒரு சோம்பல் கிடக்கு" என்றார். தண்டில் சோம்பல். குப்பி விளக்கைக் கொளுத்தி, அந்த இடத்தைச் சுடரில் படாமல் அதற்கு மேலே பிடித்து உருட்டினார். மணம் வரத் தொடங்கியதும் எடுத்து முழங்காலில் வைத்து அமத்தினார். அமத்தியபடியே சூடு ஆறும்வரை இருந்தார். கதைக்கவில்லை. பிறகு மறுபடி ஒரு கண்ணை மூடினார். நாலு தரம் இப்படி. ஐந்தாவது தரம் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் "ம்" என்றார்.

இறகுக்கு மயிலின் சிறகு. வன்னிக்குப் போய்வருகிற யாரோ பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. முருகனுடைய அம்புக்கு வேறு எது பொருந்தும்? ஈர்க்கின் முதுகை நடுவால் கீறி இரண்டாகப் பிளந்து, மூன்று கீற்று எடுத்து விளாம்பிசினில் ஒட்டினார். பிறகு மெழுகில் இழுத்த பருத்தி நூலை எடுத்து, இறகின் ஒவ்வொரு இழைக்கும் இடையால் விட்டு வரிந்துகொண்டு போனார். எனக்கு மேரி ரோஸ் ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்தது. அந்தச் சுற்றுத்தான். அதே சாய்வு. கடலுக்கு அடியில் கிடந்த தண்டில் பார்த்த தடத்தை இங்கே ஒரு மனிதர் பத்தியில் இருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் யாரிடமும் படிக்கவில்லை. இறகு இழையைக் கலைக்காமல் கட்ட வேறு வழி இல்லை, அதனால் இரண்டு கைகளும் தனித்தனியே ஒரே வழிக்கு வந்திருக்கின்றன.

"எல்லாம் ஒரு பக்கத்துச் சிறகோ ஐயா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு ஆர் சொன்னது?"

புத்தகத்தில் வாசித்தேன் என்றேன். "என்ர அப்பு அடிச்சுச் சொல்லித் தந்தவர்" என்றார். பித்தளை முனை தட்டாரிடமிருந்து வரவேண்டியிருந்தது. அது தன் வேலை இல்லை என்றார். 1371ஆம் ஆண்டு மனுவை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கினம்" என்றார்.

தமிழில் அம்புக்கு எத்தனை சொல்: கணை, வாளி, பகழி, கோல், பாணம், சரம். வடமொழியிலிருந்து வந்த 'சரம்' நாணற்புல்லுக்கும் பெயர்; மூலப்பொருளின் பெயரே செய்த பொருளுக்கும் ஆகியிருக்கிறது. அம்பு வைக்கிற கூட்டுக்குத் தூணி, அம்பறாத்தூணி, ஆவநாழிகை, புட்டில் என்று எத்தனையோ. வில்லின் நுனியில் நாண் மாட்டுகிற வெட்டுக்குக் கூடக் குதை என்று தனிப்பெயர். இவ்வளவு சொல் வைத்திருந்த சனம், செய்தவருக்கு மட்டும் பெயர் வைக்காமலா விட்டிருக்கும்?

வைத்துத்தான் இருக்கிறது. சங்கப் புலவர் பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். ஊர், தொழில், பெயர். இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்டிய காலத்தில் ஒரு பொற்கொல்லர் தன் தொழிலைப் பெயருக்கு முன்னால் தாங்கிக்கொண்டு பாட்டுப் பாடினார், சபை கேட்டது, தொகுத்தவர்கள் அதை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். அந்தத் தொகையில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆளும் உண்டு, ஈழத்துப் பூதன்தேவனார்.

எங்கள் நகரத்தின் பெயரே தொழிற்பெயர்தான். யாழ் வாசித்த பாணனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த நிலம் என்று ஐதீகம், அதனால் யாழ்ப்பாணம். பாணன் என்பது யாழிசைத்துப் பாடிப் பிழைத்தவன் பெயர். கணையையும் யாழையும் வள்ளுவர் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: கணை நேரானது, செய்கை கொடியது, யாழின் கோடு வளைந்தது, செய்கை இனியது. அந்த வளைந்த யாழின் பெயரில் வாழ்கிற ஊர் நாங்கள். அதே ஊரின் மேற்குக் கரையில், கடல்நீரேரி ஓரம், இராமன் வில்லை ஊன்றிய இடம் என்று சொல்கிற வில்லூன்றியும் இருக்கிறது.

பிறகு எங்கே போயின அந்தத் தொழிற்பெயர்கள்? தெருவுக்குப் போயின. சைக்கிளில் ஒரு சுற்றுப் போனால் தெரியும். காங்கேசன்துறை வீதியில் தட்டாதெருச் சந்தி. கன்னாதிட்டியில் இன்று நகைக்கடை நிரை. கன்னார் என்றால் செம்பு, பித்தளை வேலை செய்கிறவர்கள். தெல்லிப்பழைப் பக்கம் கொல்லங்கலட்டி. தென்மராட்சியில் தச்சன்தோப்பு. வண்ணார்பண்ணையைச் செய்யுளிலும் கோயில் பெயரிலும் வண்ணை என்று சுருக்கிக்கொள்வார்கள். அந்தச் சுருக்கத்தில் எது விடுபடுகிறது என்று பாருங்கள். தெருவுக்குத் தொழிற்பெயர் இருக்கலாம். அந்தத் தெருவில் இருக்கிற மனிதருக்கு இருந்தால்தான் சங்கடம்.

இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தில் ஃபிளெச்சரின் பேரன் மீன் விற்கப் போகலாம், அவனுடைய பேரன் வக்கீல் ஆகலாம். பெயர் மட்டும் கூடப் போகும். சில நூறு வருடத்தில் பெயருக்குள் இருந்த தொழில் காற்றாகிவிட்டது. தாச்சர் என்றால் கூரை வேய்கிறவர், அந்தப் பெயரோடு ஒரு பெண் பிரதமராக இருந்தார். ஜெர்மன் மொழியில் ஷூமாக்கர் என்றால் சப்பாத்துத் தைக்கிறவர், அந்தப் பெயருக்கு உலகமே எழுந்து நின்று கைதட்டியது. கிடுகு வேய்ந்தவரையும் செருப்புத் தைத்தவரையும் எங்கள் ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று எங்களுக்குத் தெரியும். இங்கே தொழில் ஆளோடு போகவில்லை, இரத்தத்தோடு போனது. பிள்ளை வேறு வேலைக்குப் போனாலும் பழைய வேலை அவனைப் பின்தொடர்ந்து வந்து முற்றத்தில் நின்றது. யாருக்கு எந்தக் குவளையில் தேத்தண்ணி, யார் கோயிலுக்குள் எதுவரை வரலாம் என்று அது தீர்மானித்தது. சாதியைச் சொல்லி மறிப்பதைக் குற்றமாக்கி 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போக விடச்சொல்லிச் சனம் உட்கார வேண்டியிருந்தது. அப்படியிருக்க யார் தன் தொழிலைப் பெயரோடு கட்டிக்கொண்டு திரிவார்கள்? தகப்பன் பெயரின் ஓரெழுத்துக்குள் ஒளிந்துகொண்டோம். அந்த ஓரெழுத்து எங்களுக்கு மறைப்பும் ஆயிற்று, விடுதலையும் ஆயிற்று.

ராஜஸ்தான், குஜராத் பக்கம் தீர்கர் என்று ஒரு சமூகம் இருக்கிறது. தீர் என்றால் அம்பு. கச்சில் கமாங்கர் என்றால் வில் செய்கிறவர்கள். வில்லுக்கு வேலை இல்லாத காலத்தில் சுவர்ச் சித்திரம் தீட்டப் போனார்கள், இன்று அந்தச் சித்திரத்துக்கே கமாங்கரி என்று பெயர். ஜப்பானில் யஹாகி, அதுவும் அம்பு செய்வதுதான். அவ்வளவு தூரம் ஏன், எங்களோடு வேலை செய்கிற சிங்கள நண்பர்களின் பெயர்கள்: ஹேவகே என்றால் போர்வீரன் வீடு, லியனகே என்றால் எழுத்தர் வீடு, ஹெட்டிகே என்றால் செட்டி வீடு. கந்தோரில் முப்பது வருடமாக இந்தப் பெயர்களைக் கோவைகளில் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

இப்போது என் கதை.

அம்மாவின் தகப்பனை நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம். அப்பு கொல்லர். வீட்டுக்குப் பின்னால், இரண்டு பூவரசுக்கு நடுவில் பட்டறை. துருத்தி, உலை, புளியங்குற்றியில் இறுக்கிய பட்டடை, சுவரோரம் குறடுகள். கொழு, மண்வெட்டி, அலவாங்கு, கொடுவாக்கத்தி, கள்ளு இறக்குகிற சீவல்காரரின் பாளைக்கத்தி. பாளைக்கத்திக்கு அவரைத் தேடி நீர்வேலியிலிருந்தும் ஆள் வரும். தாளைப் போல மெல்லிசாகப் பாளையைச் சீவவேணும், அந்த வாய்க்குத் தோய்ச்சல் கொடுப்பது லேசான வேலையல்ல. சிவந்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்து எடுத்து, வாயில் நிறம் ஓடி வருகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வைக்கோல் நிறம், பிறகு மாம்பழ நிறம், பிறகு கத்தரிப்பூ. மாம்பழம் கத்தரிப்பூவாகத் திரும்புகிற அந்தக் கண் இமைப்பில் மறுபடி தண்ணீருக்குள் போகும். ஒரு நொடி முந்தினால் வாய் உடையும், பிந்தினால் மழுங்கும். மத்தியான வெயிலில் நிறம் சரியாகத் தெரியாது என்று பட்டறையின் தெற்குப் பக்கத்தைக் கிடுகால் அடைத்து வைத்திருந்தார்.

ஏழெட்டு வயதில் கிளுவைத் தடியில் வில் கட்டி ஈர்க்கை அம்பாக விட்டு விளையாடுவேன். ஈர்க்கு பறக்காது, குறுக்காக விழும். அப்பு ஒருநாள் பார்த்துவிட்டு, தகரத்தில் ஒரு துண்டு வெட்டி ஈர்க்கின் நுனியில் மடித்து நெரித்துத் தந்தார். "தலை பாரமா இருக்கவேணும், வால் லேசா இருக்கவேணும். அப்பத்தான் தலை முன்னுக்குப் போகும்." வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வளவுத் தென்னையில் பட்டது. அம்பின் பாரம் நடுவிலிருந்து சற்று முன்னுக்கு நிற்கவேணும் என்று நாற்பது வருடம் கழித்து வாசித்தபோது, அந்தத் தகரத் துண்டின் சூடு விரலில் வந்தது.

அவர் செய்த எல்லாவற்றிலும் பிடிக்குக் கிட்ட மூன்று புள்ளியும் கீழே ஒரு பிறையும் குத்தியிருக்கும். அதற்கென்று ஒரு சின்ன உளி. வேறு யாரையும் தொட விடமாட்டார். 1406ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசித்தபோது நான் குசினிக்குப் போய்க் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் இரும்பு இல்லாமல் லொறியின் வில்லுத் தகட்டில் அடித்த கத்தி. புள்ளிகள் தேய்ந்திருக்கின்றன, ஆனால் விரலுக்குத் தெரிகின்றன. 1995 ஐப்பசியில் முழு யாழ்ப்பாணமும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது பட்டறையை அப்படியே விட்டுவிட்டுச் சாவகச்சேரிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது பட்டடையும் இல்லை, துருத்தியும் இல்லை. புளியங்குற்றி மட்டும் நின்றது. அப்பு அதன்மேல் போய் இருந்தார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் பட்டறைக் கதை வெளியாட்கள் முன்னால் எடுபடாது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பிப் பாட்டனார் என்ன வேலை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் "ஓ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் என்னைப் பின்வாங்கிலுக்கு மாற்றினார். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவ அழவில்லை, ஏசவும் இல்லை. "இனிக் கேட்டால் கமம் எண்டு சொல்லு" என்றா. அன்றைக்குப் பிறகு நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை கேட்டபோதும் என் வாயில் முதலில் வந்து நின்ற சொல் அதுதான்.

வேட்டைத் திருவிழா முடிந்த மறுநாள் அம்மாவின் பழைய ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் விவாகப் பதிவுச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டபடி. மணமகளின் தந்தையின் பெயரும் தொழிலும் எழுதுகிற கட்டம். பெயர் சரியாக இருந்தது. தொழில்: கமம்.

அப்புவுக்கு ஒரு பரப்புத் தோட்டக் காணி கூட இருந்ததில்லை. அந்தப் பகுதியில் கமம் செய்தவர்கள் எல்லாருக்கும் கொழு அடித்துக் கொடுத்த மனிதர். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. பதிவுகாரர் கேட்டிருப்பார், இவர் தன் வாயால் சொல்லியிருப்பார். அல்லது யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அம்மா எனக்குச் சொல்லித் தந்தது அம்மாவின் யோசனை இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகளின் கலியாணத்தன்று அந்தக் கைதான் முதலில் அதை எழுத விட்டிருக்கிறது. சம்மட்டி பிடித்த கை. எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, பேனையை அழுத்தி, தாளின் மறுபக்கம் மேடு தட்ட எழுதியிருந்தார்.

படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். கத்தியின் படத்தையும். கொஞ்ச நேரத்தில் அழைத்தாள்.

"அண்ணா, இந்தக் கத்தியில ஒண்டு என்னட்டயும் இருக்கு. வரேக்க அம்மா துணிக்குள்ள சுத்தி சூட்கேசில வைச்சு விட்டவ. நான் தேங்காய் உடைக்கிறதே அதாலதான்."

"புள்ளி இருக்கோ?"

போய் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "இருக்கு. இவ்வளவு காலமும் அழுக்கெண்டு நினைச்சனான்." பிறகு குரல் மாறிச் சொன்னாள்: "நீங்களே சொல்லுங்கோ அவனுக்கு. நான் சொன்னா எனக்கு அழுகை வந்திடும்."

சொன்னேன். ஆசாரியார் அம்பு வரிந்த காணொளியைக் காட்டினேன், பிறகு கத்தியைக் காட்டினேன், பிறகு அப்பு தோய்ச்சல் வைத்த நிறங்களைச் சொன்னேன். வைக்கோல், மாம்பழம், கத்தரிப்பூ. வீட்டுவேலை கொடுத்த நாள் எப்போதோ கடந்துவிட்டது, ஆனாலும் பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்தான். ஆரோஸ்மித் என்ற பெயருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான். அவர் அம்புக்கு முனை அடித்தவர், எங்கட அப்பு ஏருக்கும் பனைக்கும் அடித்தவர் என்றேன். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதவேணும் என்று அவனாகத்தான் கேட்டான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவன், எழுத்து தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி, கொப்பியைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தான்.

கொலர் என்று எழுதியிருந்தான். "நடுவில ஒரு ல் விட்டிட்டாய் தம்பி, புள்ளி வைச்ச ல்" என்றேன். அழித்தான். மறுபடி எழுதினான். புள்ளியைப் பென்சிலால் அழுத்தி வைத்தான்.